கிணற்றுக்கும் மின்கம்பத்துக்கும் ஒரே கணக்கு

நிலத்துக்கு அடியில் உள்ள நீர் தானாக வயலுக்கு வருவதில்லை. அதை ஏதேனும் ஒரு சக்தி தூக்கித் தர வேண்டும். முற்காலத்தில் இந்த வேலையைத் தென்னாட்டில் ஏற்றமும் கவலையும் செய்தன. பஞ்சாபில் எருதுகள் சுற்றிய பாரசீகச் சக்கரம் செய்தது. எத்தனை சால் நீர் இறைக்கப்பட்டது என்பதை ஏற்றம் மிதித்தவனின் காலும் நுகம் சுமந்த எருதின் கழுத்தும் அன்று மாலையே அறிந்திருந்தன. நீர்மட்டம் ஒரு முழம் இறங்கினால் உழைப்பு அந்த அளவுக்கு ஏறியது. அளவுகோல் உழைப்பவரின் உடம்பிலேயே இருந்தது எனலாம்.

மின்சாரப் பம்ப் வந்தபின் அந்த அளவுகோல் மறைந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் நீர் கொட்டுகிறது. அதைத் தூக்குவதற்குச் செலவான சக்தி எவ்வளவு என்பது நீர் இறைப்பவருக்குத் தெரிவதில்லை. பல மாநிலங்களில் மின்சாரத்தை வழங்குபவருக்கும் சரிவரத் தெரிவதில்லை. இழந்த அந்த அளவுகோலுக்கு ஈடாக வேறொன்று இன்னும் ஏற்படவில்லை என்பதே பயிர்த்தொழிலின் இன்றைய பெருங்குறை.

நீர்ப்பற்றாக்குறை ஒரு பிரச்சினை, மின்சார மானியத்தின் சுமை மற்றொரு பிரச்சினை என்று இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இவை ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள். உழவருக்கு உதவி தேவையில்லை என்று கூறுவது நியாயமன்று. ஆனால், அளவும் கணக்கும் இல்லாத உதவி, அதைப் பெறுபவரின் கிணற்றையே வற்றச் செய்கிறது. ஆதலின் உதவியை நிறுத்தாமலே அளவைக் கொண்டுவரும் வழியை நாடுவதே அறிவுடைமை.

நாட்டின் நிலை

உலகில் நிலத்தடி நீரை மிக அதிகமாக எடுத்துப் பயன்படுத்தும் நாடு இந்தியாவே. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஓராண்டில் எடுக்கத்தக்க நிலத்தடி நீரின் அளவு ஏறத்தாழ 40,600 கோடி கன மீட்டர். எடுக்கப்பட்டது ஏறத்தாழ 24,600 கோடி கன மீட்டர். அதாவது நூற்றுக்கு 60 பங்கு. எடுக்கப்படும் நீரில் மிகப் பெரும் பகுதி பாசனத்துக்கே செல்கிறது.

நூற்றுக்கு 60 என்ற சராசரி ஆறுதல் அளிப்பதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு காலைக் கொதிநீரிலும் மற்றொரு காலைப் பனிக்கட்டியிலும் வைத்திருப்பவனுக்குச் சராசரி வெப்பம் சுகம் தருவதில்லை. அதே மதிப்பீட்டில் ஆராயப்பட்ட 6,746 பகுதிகளில் 751 பகுதிகள், ஊறுவதைக் காட்டிலும் மிகுதியாக நீர் எடுக்கப்படும் பகுதிகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. பஞ்சாபில் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, எடுக்கத்தக்க நீர் 100 பங்கு என்றால் எடுக்கப்பட்டது ஏறத்தாழ 164 பங்கு. எஞ்சிய 64 பங்கு, பல தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த முதலிலிருந்து எடுக்கப்பட்டதாகும். வட்டியோடு முதலையும் சேர்த்துச் செலவழிக்கும் குடும்பத்தின் நிலை இதுதான்.

இந்த இழப்பு விண்வெளியிலிருந்தும் அளந்தறியப்பட்டுள்ளது. பூமியின் ஈர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாறுதல்களை அளந்த ‘கிரேஸ்’ துணைக்கோள்கள் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை சேகரித்த விவரங்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். ராஜஸ்தான், பஞ்சாப், டெல்லி உள்ளிட்ட ஹரியானா ஆகிய பகுதிகளில் அந்த ஆறாண்டுகளில் மட்டும் சுமார் 10,900 கோடி கன மீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாக 2009-ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். மழை குறிப்பிடத்தக்க அளவு குறையாத ஆண்டுகள் அவை. நீர் குறைந்ததற்குக் காரணம் வானம் அன்று, பம்ப்தான்.

இனி மின்சாரத்தின் பக்கம். 2017–18-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட ஆறாவது சிறுபாசனக் கணக்கெடுப்பு, நாட்டில் 2 கோடியே 19 லட்சம் கிணறுகளும் குழாய்க் கிணறுகளும் இருப்பதாகக் கண்டது. இவற்றுள் பெரும்பாலானவை மின்சாரத்தால் இயங்குகின்றன. நாட்டில் நுகரப்படும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பயிர்த்தொழிலுக்குச் செல்கிறது. ஆகவே, நாட்டின் மின் நிலையங்கள் எரிக்கும் நிலக்கரியில் ஒரு பகுதி நிலத்தடி நீரைத் தூக்குவதற்காகவே எரிகிறது என்பது மிகையன்று.

ஆழமும் சக்தியும்

நீருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பு எளிய கணக்கில் அடங்கும். ஒரு யூனிட் மின்சாரம் சிறிதும் வீணாகாமல் பயன்பட்டால் 367 கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயரம் தூக்கும். நடைமுறையில் மோட்டார், பம்ப், குழாய் ஆகியவற்றில் இழப்பு ஏற்படுகிறது. நூற்றுக்கு 40 பங்கு பயன்பட்டாலே அது நல்ல நிலையிலுள்ள பம்ப் எனலாம். அப்பொழுது ஒரு யூனிட், 10 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ 15 கன மீட்டர் நீரைத் தரும். 30 மீட்டரிலிருந்து 5 கன மீட்டர் தரும். 60 மீட்டரிலிருந்து இரண்டரை கன மீட்டர்தான் தரும்.

ஒரு ஹெக்டேர் நெல்லுக்குப் பருவம் முழுவதிலும் 12,000 கன மீட்டர் நீர் இறைப்பதாகக் கொள்வோர், ஆழம் 10 மீட்டரானால் சுமார் 800 யூனிட் செலவிட வேண்டும். 30 மீட்டரானால் 2,450 யூனிட்டும், 60 மீட்டரானால் 4,900 யூனிட்டும் செலவாகும். விளைவதோ அதே நெல்தான். ஒரு ஹெக்டேரில் 4 டன் அரிசி கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 60 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் இறைத்து விளைவித்த ஒவ்வொரு கிலோ அரிசிக்குள்ளும் 3,000 லிட்டர் நீரும் ஒன்றேகால் யூனிட் மின்சாரமும் அடங்கியிருக்கும். பம்ப் பழுதுற்று, அதன் திறன் நூற்றுக்கு 25 ஆகக் குறைந்திருந்தால், மின்சாரச் செலவு மேலும் ஒன்றரை மடங்குக்கு மேல் உயரும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. நீரை மிகுதியாக இறைத்தால் நீர்மட்டம் தாழ்கிறது. நீர்மட்டம் தாழ்ந்தால் அதே நீரை இறைக்க மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. இன்று வீணாகும் ஒவ்வொரு கன மீட்டரும் நாளைய மின்சாரச் செலவை உயர்த்துகிறது. நீர்த்துறைக்கு ஒரு கணக்கும் மின்துறைக்கு ஒரு கணக்கும் தனித்தனியே வைத்தால், இந்தத் தொடர்ச்சி எந்தக் கணக்கிலும் தென்படாது.

பஞ்சாபின் படிப்பினை

பஞ்சாபின் வரலாற்றை நேர்மையோடு நோக்க வேண்டும். 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வறட்சி தாக்கியபோது, நாடு அயல்நாட்டுக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நின்றது. 1966-இல் இறக்குமதியான தானியம் சுமார் ஒரு கோடி டன். அந்த நிலையிலிருந்து நாட்டை மீட்டதில் பஞ்சாப், ஹரியானா உழவர்களின் பங்கு மிகப் பெரிது. புதிய விதை, உரம், குழாய்க் கிணறு, 1965-இல் நிறுவப்பட்ட இந்திய உணவுக் கழகத்தின் கொள்முதல் ஆகியவை ஒன்று சேர்ந்தே அந்த வெற்றியைத் தந்தன.

பஞ்சாப் ஆதியில் நெல் விளையும் நாடன்று. 1960–61-இல் அங்கு நெல் பயிரிட்ட நிலம் சுமார் இரண்டே கால் லட்சம் ஹெக்டேர். இப்போது அது 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். ஆண்டு மழை குறைவாயுள்ள சமவெளியில், வயலில் நீர் தேங்க வேண்டிய பயிர் இவ்வளவு பரவியதற்குக் காரணம் இரண்டு. விளைந்த நெல் முழுவதும் அறிவித்த விலைக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்ற உறுதி ஒன்று. 1997 முதல், இடையில் சிறிது காலம் நீங்கலாக, பாசனத்துக்கு விலையின்றிக் கிடைத்த மின்சாரம் மற்றொன்று.

நீர்மட்டம் தாழ்ந்ததன் பலன் எல்லா உழவரையும் ஒரே விதமாகத் தாக்கவில்லை. தரைமட்டத்தில் வைத்து இயக்கும் சாதாரணப் பம்ப், வளிமண்டல அழுத்தத்தின் உதவியால் நீரை உறிஞ்சுவது. நடைமுறையில் 7 மீட்டருக்குக் கீழிருந்து அதனால் உறிஞ்ச இயலாது. மட்டம் தாழவே, உழவர்கள் முதலில் குழி தோண்டிப் பம்பைக் கீழே இறக்கினர். அதற்கும் எட்டாமற் போனபோது நீரில் மூழ்கி இயங்கும் பம்புகளை வாங்க வேண்டியதாயிற்று. 5 குதிரைச் சக்தி போதுமாயிருந்த இடத்தில் 10, 15 குதிரைச் சக்தி தேவைப்பட்டது. பெருநிலக்காரர் இச்செலவைத் தாங்கினர். சிறு உழவர் கடன்பட்டனர், அல்லது அண்டை நிலத்துக்காரரிடம் நீரை விலைக்கு வாங்கினர். மின்சாரம் இலவசமாயினும், அது எட்டும் ஆழத்துக்குக் கிணறு இறக்கும் செலவு இலவசமன்று. ஏழைக்கென ஏற்பட்ட உதவி, மெல்ல மெல்ல ஆழமான கிணறு உடையவருக்கே பெரிதும் பயன்படும் உதவியாக மாறுகிறது. இதுவே கவனத்துக்குரிய அநீதி.

குற்றம் உழவருடையதன்று

மின்சாரம் வீணாவதற்கு உழவரின் அலட்சியமே காரணம் என்று நகரத்தில் சிலர் கூறுவதுண்டு. அது பிழை. எந்நேரம் வரும், எந்நேரம் நிற்கும் என்று தெரியாத மின்சாரத்தை நம்பிப் பயிர் செய்பவர், பம்பின் பொத்தானை எப்போதும் அழுத்தியே வைத்திருப்பது இயல்பு. மின்சாரம் வந்தவுடன் தானாகவே பம்பை ஓட்டும் கருவியைப் பலர் பொருத்தியிருப்பதும் இதனால்தான். நள்ளிரவில் மின்சாரம் வந்தால், வயல் நிரம்பி வழிந்தாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே சமயத்தில் எல்லாப் பம்புகளும் ஓடத் தொடங்குவதால் மின்னழுத்தம் தாழ்கிறது; மோட்டார்களும் டிரான்ஸ்பார்மர்களும் எரிகின்றன. ஒருவர் நீரை மிச்சப்படுத்தினால் அதை அடுத்த கிணற்றுக்காரர் இறைத்துக்கொள்வார் என்ற எண்ணமும் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தை ஒட்டி, நிலத்தின் உடைமையோடு அதன் அடியிலுள்ள நீரை எடுக்கும் உரிமையும் பிணைந்திருப்பதால், அந்த எண்ணத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. சிக்கனத்துக்குப் பரிசு இல்லாத இடத்தில் சிக்கனத்தை எதிர்பார்ப்பது வீண்.

மறுபுறம், மின்மானி இல்லாத இணைப்புகளுக்கு எவ்வளவு மின்சாரம் சென்றது என்பதை மின் வாரியங்கள் ஊகித்தே எழுத வேண்டியிருக்கிறது. அவ்வாறு எழுதும்போது வழியில் ஏற்படும் இழப்பும் திருட்டும் கூட உழவரின் கணக்கில் சேர்ந்துவிட இடமுண்டு. உழவர் பயன்படுத்தாத மின்சாரமும் அவர் பெற்ற சலுகையாகப் பேசப்படுகிறது. ஆகவே, மின்மானி உழவருக்கு எதிரான கருவியன்று. அவர்மீது சுமத்தப்படும் பொய்க்கணக்கிலிருந்து அவரைக் காக்கும் சாட்சியும் அதுவே.

கருவிகள் மட்டும் போதா

நீரைச் சிக்கனப்படுத்தும் முறைகளை விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக வகுத்துத் தந்துள்ளனர். லேசர் கருவியால் நிலத்தைத் துல்லியமாகச் சமன் செய்தால், பாய்ச்சும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை குறையும். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சும் முறையை அகில உலக நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியுள்ளது. தமிழ் உழவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று கூறுவது இதுவே. இம்முறையால் நீர் மிச்சமாவதோடு, தேங்கிய வயலிலிருந்து எழும் மீத்தேன் வாயுவும் கணிசமாகக் குறைகிறது. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் ‘பி.ஆர். 126’ என்ற நெல், நீண்ட காலப் பயிரான ‘பூசா 44’ நெல்லைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக அறுவடைக்கு வருவது; அந்த ஒரு மாதப் பாசனம் மிச்சம்.

எனினும் இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, வயலில் குறைத்த நீர் முழுவதும் நாட்டுக்கு மிச்சமான நீரன்று. வயலிலிருந்து கசிந்து கீழே சென்ற நீரில் ஒரு பகுதி மறுபடியும் நிலத்தடி நீரையே சேர்கிறது. அதைத் தடுத்தால் மறுமுறை தூக்கும் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் நீர்க்கணக்கில் உண்மையான ஆதாயம், ஆவியாகிப் போவதைக் குறைத்தால்தான் உண்டு. இதை உணர்ந்தே பஞ்சாபும் ஹரியானாவும் 2009-இல் சட்டம் இயற்றின. கோடையின் கடும் வெயிலில் நடவு செய்வதைத் தடுத்து, பருவமழையை நெருங்கி நடவு செய்யுமாறு பஞ்சாபின் சட்டம் ஜூன் 10 என்ற நாளை வகுத்தது. பின்னர் அந்த நாள் பலமுறை மாற்றப்பட்டது. ஆவியாதலைக் குறைத்த வகையில் அது நல்ல சட்டமே. ஆனால் நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளியது. கோதுமை விதைப்புக்கு முன் கிடைத்த குறுகிய இடைவேளையில் நெல்தாளைத் தீயிட்டு அகற்றும் வழக்கம் வலுப்பெற்றது. காற்று ஓய்ந்திருக்கும் அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் அந்தப் புகை சமவெளி முழுவதையும் மூடுகிறது. ஒரு கணக்கை மட்டும் பார்த்துச் செய்த நன்மை, மற்றொரு கணக்கில் தீமையாக எழுதப்படும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது எச்சரிக்கை மிச்சமான நீரின் கதியைப் பற்றியது. சொட்டு நீர்ப்பாசனத்தால் மிச்சப்படுத்திய நீரைக் கொண்டு இன்னும் ஓர் ஏக்கர் கரும்போ வாழையோ பயிரிட்டால், கிணற்றுக்கு ஓய்வு இல்லை. திறமான பம்பைப் பொருத்தினால் அதே மின்சாரத்தில் அதிக நீர் கிடைக்கும். மின்சாரத்துக்கு அளவில்லையெனில் நீர்மட்டம் முன்னிலும் விரைவாகத் தாழலாம். கோயமுத்தூரிலிருந்து நாடெங்கும் செல்லும் பம்புகள் எவ்வளவு சிறந்தவையாயினும், அவை எவ்வளவு நீரை எடுக்கலாம் என்பதை அவை தாமே தீர்மானிக்க இயலாது. திறன் வேறு, அளவு வேறு. அளவை வகுப்பது சமூகத்தின் கடமை.

மாநிலங்கள் கண்ட அநுபவம்

இத்துறையில் சில மாநிலங்கள் துணிந்து சோதனை செய்துள்ளன. குஜராத், 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தின் மூலம், கிராமத்து வீடுகளுக்கும் பாசனப் பம்புகளுக்கும் தனித்தனி மின்வழிகளை அமைத்தது. வீடுகளுக்கு நாள் முழுவதும் மின்சாரம் கிடைத்தது. பம்புகளுக்கு முன்னறிவித்த நேரப்படி நாளுக்கு 8 மணி நேரம், முழு மின்னழுத்தத்தோடு கிடைத்தது. அளவு குறைந்தபோதிலும் நம்பத்தக்கதாயிருந்ததால் உழவர் பலர் அதை வரவேற்றனர். ஆனால் நிலமின்றி, பிறர் கிணற்றிலிருந்து நீர் வாங்கிப் பயிரிட்ட குத்தகைக்காரர்களுக்கு நீர் கிடைப்பது குறைந்தது.

மேற்கு வங்காளம் 2007 முதல் குழாய்க் கிணறுகளுக்கு, தொலைவிலிருந்தே அளவறியக்கூடிய மின்மானிகளைப் பொருத்தியது. நாளை மூன்று பகுதிகளாகப் பிரித்து, தேவை மிகுந்த மாலை வேளைக்கு அதிகக் கட்டணமும் இரவுக்குக் குறைந்த கட்டணமும் விதித்தது. கணக்கு தெளிவாயிற்று. ஆனால் இங்கும் நீரை விலைக்கு வாங்கியவர்கள் முதலில் நட்டமடைந்தனர். முன்னர்க் குதிரைச் சக்திக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டணம் செலுத்திய பம்ப் உடைமையாளர், ஓடும் நேரம் கூடக் கூட ஆதாயம் என்று அண்டை வயலுக்கும் நீர் விற்றார். மின்மானி வந்தபின் அவருக்கு அந்த அவசரம் இல்லை. எந்தச் சீர்திருத்தத்திலும் கிணறு உடையவரை மட்டுமன்றி, கிணறு இல்லாதவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இவ்விரு மாநிலங்களும் கற்பிக்கும் பாடம்.

பஞ்சாப் 2018-இல் வேறொரு வழியை முயன்றது. நீரைச் சேமித்துப் பணம் ஈட்டுக என்று பொருள்படும் பெயரிட்ட அத்திட்டத்தில், தாமாக விரும்பிச் சேர்ந்த உழவருக்கு ஓர் அளவு யூனிட் ஒதுக்கப்பட்டது. அதற்குக் குறைவாகப் பயன்படுத்தினால், மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கில் சேரும். கூடுதலாகப் பயன்படுத்தினாலும் கட்டணம் இல்லை. தண்டனை இன்றிப் பரிசு மட்டும் அளிக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பமான உண்மை அடங்கியிருக்கிறது. மின்சாரம் இலவசமாகவே இருக்கிறது. ஆயினும், வீணாக்கினால் இழப்பு உண்டு என்ற உணர்வு பிறக்கிறது.

சூரிய சக்தியின் இருமுகம்

இப்பொழுது சூரிய சக்திப் பம்புகள் நாடெங்கும் பரவி வருகின்றன. 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டம், உழவர் நிலத்தில் சிறு சூரிய மின் நிலையங்கள், தனித்து இயங்கும் சூரியப் பம்புகள், மின்வழியோடு இணைந்த பம்புகளைச் சூரிய சக்திக்கு மாற்றுதல் என மூன்று பகுதிகளைக் கொண்டது. டீசல் புகை நீங்கும், நிலக்கரி மிஞ்சும், உழவர் பகலிலேயே நீர் பாய்ச்சலாம். நன்மைகள் பல.

எனினும் சூரியன் கட்டணச் சீட்டு அனுப்புவதில்லை. பலகை பொருத்திய பின் ஒவ்வொரு யூனிட்டும் செலவின்றிக் கிடைக்கிறது. நீர்வளம் குன்றிய இடத்தில் தனித்து இயங்கும் சூரியப் பம்பைக் கொடுத்து வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், காலை முதல் மாலை வரை கிணற்றை வற்றச் செய்யும் கருவியை அளித்ததாகவே முடியும். இதற்கு மாற்று உண்டு என்பதைக் குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி என்னும் சிற்றூர் காட்டியது. 2016-இல் அங்கு ஆறு உழவர்கள் சூரியப் பம்ப் உடையோரின் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தம் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கினர். வெயிலும் அவர்களுக்கு ஒரு விளைபொருளாயிற்று. நீர் இறைக்காத வேளையில் வருவாய் வரும் என்றானபோது, தேவையற்ற பாசனத்துக்கு ஒரு விலை ஏற்படுகிறது. அந்த விலை போதுமானதாக இருக்க வேண்டும். பணம் காலத்தில் கைக்கு வர வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல், மின்சாரத்தை விற்பதைவிட நீரை இறைப்பதே ஆதாயம் என்று உழவர் முடிவு செய்வார்.

இடத்துக்கேற்ற மருந்து

இங்குக் கூறியவை எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே விதமாகப் பொருந்துவன அல்ல. கங்கைச் சமவெளியின் கீழ்ப்பகுதியிலும் அஸ்ஸாமிலும் நிலை நேர்மாறானது. பீகாரில் பல இடங்களில் சில மீட்டர் ஆழத்திலேயே நீர் கிடைக்கிறது. மழையால் அது ஆண்டுதோறும் நிரம்பவும் செய்கிறது. ஆனால் சிறு உழவர் அதை டீசல் எஞ்சினால் இறைத்து, விலைமிக்க எரிபொருளுக்குப் பணம் செலுத்தி வந்திருக்கிறார். அங்குத் தேவை கட்டுப்பாடு அன்று; மலிவான, நம்பத்தக்க சக்தியே. மேற்கு வங்காளம் 2011-இல், நீர்வளம் குன்றாத பகுதிகளில் 5 குதிரைச் சக்திக்கு உட்பட்ட பம்புகளுக்கு அநுமதி பெறும் விதியைத் தளர்த்தியது இந்த நோக்கில் தக்கதே. தனித்து இயங்கும் சூரியப் பம்புகளுக்கு உரிய இடமும் அதுவே. மேற்கே நீரைக் காக்க வேண்டும். கிழக்கே சக்தியை அளிக்க வேண்டும். ஒரே சுற்றறிக்கையால் இவ்விரண்டையும் செய்ய முயல்வது, சுரத்துக்கும் குளிருக்கும் ஒரே குளிகை கொடுப்பதை ஒக்கும்.

செய்யத்தக்கவை

நீர் மாநிலங்களின் பொறுப்பு; மின்சாரம் மத்திய, மாநில அரசாங்கங்கள் இரண்டின் பொறுப்பு; கொள்முதலும் உரமும் பெரும்பாலும் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. எனவே எல்லோரும் ஒப்பக்கூடிய எளிய ஏற்பாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலாவதாக, பாசனத்துக்கெனப் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு மின்வழியிலும் மின்மானி பொருத்தி, அதன் அளவை மாதந்தோறும் கிராமத்தில் எழுதி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் நீர்மானி வைப்பது கடினம். ஆனால் மின்வழியில் சென்ற யூனிட்டும் அப்பகுதியின் நீர்மட்ட ஆழமும் தெரிந்தால், எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது என்பதை மேலே கண்ட எளிய கணக்கால் ஓரளவு சரியாகவே கண்டறியலாம். மின்மானியே நீர்மானியாகப் பயன்படும்.

இரண்டாவதாக, உழவருக்கு உரிய உதவியை வரம்பற்ற மின்சாரமாகத் தராமல், நிலத்தின் அளவுக்கேற்ற யூனிட் உரிமையாக, ஒரு மேல்வரம்புடன் தர வேண்டும். பம்பின் குதிரைச் சக்தியை அடிப்படையாகக் கொண்டால் பெரிய பம்ப் உடையவருக்கே மிகுதி கிடைக்கும். மிச்சமான யூனிட்டுக்குப் பணமும், நீரை விலைக்கு வாங்கும் குத்தகைக்காரருக்குப் பங்கும் அளிக்க வேண்டும்.

மூன்றாவதாக, 2019-இல் அறிவிக்கப்பட்டு ஏழு மாநிலங்களில் நடைமுறைக்கு வந்த அடல் பூஜல் திட்டம், ஊராட்சிகளையே தம் நீரின் வரவு செலவை எழுதும்படி செய்தது. அந்தப் பேரேட்டில் மின்சாரத்துக்கும் ஒரு பத்தியைச் சேர்ப்பது கடினமன்று. நீர் எவ்வளவு, யூனிட் எவ்வளவு, விளைவு எவ்வளவு என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால், எந்தப் பயிர் ஊருக்கு ஆகும் என்பதை ஊராரே தீர்மானிப்பர்.

நான்காவதாக, பருப்பு, எண்ணெய்வித்து, சிறுதானியம் ஆகியவற்றுக்கும் நெல்லுக்கு உள்ளது போன்ற கொள்முதல் உறுதி வேண்டும். நெல்லை விட்டு வேறு பயிர் செய்பவருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் தருவதாக ஹரியானா 2020-இல் அறிவித்தது. இத்தகைய ஊக்கம் நல்லதே. ஆனால் விளைந்த துவரையை வாங்க ஆள் இல்லையெனில், அடுத்த ஆண்டு உழவர் நெல்லுக்கே திரும்புவார்.

மின்மானி என்றதும், நாளை கட்டணம் வரும் என்று உழவர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை உபதேசத்தால் போக்க இயலாது. யூனிட் உரிமையைச் சட்டத்தில் எழுதி, மானியின் அளவை ஊராட்சியின் முன்னிலையில் குறித்து, சேமிப்புக்கான பணத்தைத் தவறாது கொடுத்தால்தான் நம்பிக்கை பிறக்கும்.

பஞ்சாபில் விளையும் அரிசியின் பெரும் பகுதி மத்தியத் தொகுப்புக்குச் சென்று, நாட்டின் பல மூலைகளிலும் பங்கீட்டுக் கடைகளில் விநியோகமாகிறது. அங்கு தாழும் நீர்மட்டத்தில் அதை உண்பவர் அனைவருக்கும் பங்குண்டு. ஆகவே, அந்நீரைக் காக்கும் செலவை உழவர் மட்டும் ஏற்க வேண்டும் என்பது முறையன்று. நாடு அதை ஏற்கத்தான் வேண்டும். ஏற்கும்போது, செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் நீரைத் தூக்கவா, நீரைக் காக்கவா என்ற கேள்விக்கு விடை சொல்லும் கணக்கு ஒன்று வேண்டும். இன்று அந்தக் கணக்கு இரு அலுவலகங்களில் இரு பேரேடுகளாகக் கிடக்கிறது. அவற்றை ஒன்றாக்கும் வேலைக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு மின்மானியும், ஓர் அளவுக்கயிறும், அவற்றை மறைக்காமல் எழுதும் துணிவும் போதும்.